மனோகரன் கண்ணைக் குத்திய மீன்

மனோகரனுக்கு வலது கண் எப்படிப் போனது என்று முகத்துவாரக்குப்பத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகள் ஒதுங்கும் இடத்தில் புதுமுகம் ஒன்று வந்து சற்று நின்றால் போதும். வலை பிரித்துக்கொண்டிருக்கும் எவராவது தலையை நிமிர்த்தாமலே, "தோ நிக்கிறான் பாரு, கண்ணுல மீனு குத்தியும் படகு ஓட்டிகினு கரைக்கு வந்தவன், அவன்தான் இவன்" என்று அறிமுகப்படுத்திவிடுவார். மனோகரன் அடக்கமான மனிதன். தன்னைப் பற்றி இப்படியெல்லாம் பேசுகிறார்களே என்று கூச்சப்பட்டு, செயற்கைக் கண் இருக்கும் பக்கத்தை வந்தவருக்கு நன்றாகத் தெரியும்படி மெல்லத் திருப்பிக்கொள்வான்.

குற்றவாளி, முரல் மீன். ஊசி போல நீண்ட மூக்கு அதற்கு. ராத்திரியில் விளக்கைக் கண்டால் தண்ணீரை விட்டு எகிறிப் பாயும். படகில் நிற்பவன் கழுத்திலும் வயிற்றிலும் அது குத்தியிருப்பது கடற்கரை நெடுக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே மனோகரனின் கதையை நம்புவதற்கு யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

கதைக்கு ஒரே ஒரு நோய் இருந்தது. அது வளர்ந்துகொண்டே வந்தது. மனோகரன் பள்ளிக்கூடம் போன காலத்தில், கதைக்குள் இருந்த மனோகரன் கைக்குழந்தை. அப்பா கரையில் விளக்கு வைத்துக்கொண்டு வலை இழுத்தபோது, அம்மா இடுப்பில் இருந்த பிள்ளையின் கண்ணில் மீன் பாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மீசை அரும்பிய வயதில், கதைக்குள் அவனுக்கு ஏழு வயதாகி, படகிலும் ஏறிவிட்டான். கல்யாணப் பேச்சு வந்தபோது பதினாறு வயது, புயல் காற்று, அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் ஆழ்கடல். மீனும் சும்மா இருக்கவில்லை. ஒரு சாண் மீன், ஆள் நீள மீனாகியிருந்தது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் அதற்குச் செதிலுக்குப் பதில் இரும்புத் தகடு முளைத்து, கடற்படை வந்து விசாரித்திருக்கும்.

குப்பத்துப் பெரியவர்களுக்கு உண்மை வயது தெரியாமல் இல்லை. ஆனால் நல்ல கதை ஒன்று வளர்ந்து வரும்போது அதன் தலையில் தட்ட யாருக்கு மனசு வரும்? போதாததற்குச் சாட்சி வேறு இருந்தது. குணசேகரன், மனோகரனின் கூட்டாளி, அதே படகில் தொழிலுக்குப் போகிறவன். "மூக்க புடிச்சி இயுத்து போட்டதே நான்தான்" என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வான். மனோகரனைவிட இவன் இரண்டு வயது இளையவன் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கதையால் யாருக்கும் ஒரு குறைவும் இல்லை என்றுதான் குப்பமே நினைத்திருந்தது. அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் பார்வைக்கே அது வினையாகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆள் மனோகரனின் அம்மா கோவிந்தம்மா. காசிமேட்டில் மீன் எடுத்து திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றே மகனை ஆளாக்கியவள். புருஷன் போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. கோவிந்தம்மா பேச ஆரம்பித்தால் மணலி வரைக்கும் கேட்கும். வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்த்தால், "மீன பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பாள். ஆனால் மகன் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் "முரலு குத்திச்சி" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் போகமாட்டாள். தாய்க்குத் துக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

காலடிப்பேட்டையில் கீர்த்தியைப் பெண் பார்க்கப் போனபோதும் அந்த இரண்டு வார்த்தைதான். மிச்சத்தைக் குணசேகரன் பார்த்துக்கொண்டான். கீர்த்தியின் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவர். கதையைக் கேட்டு அவருக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு கண்ணும் உள்ள மாப்பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவனும் மீனிடம் குத்து வாங்கியிருக்கவில்லை. கல்யாணம் முடிந்தது. அடுத்த வருஷத்தில் நிதிஷ் பிறந்தான்.

வடசென்னையில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டது என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதாது. முதல் பிறந்தநாளுக்குத் தெருமுனையில் பேனர் வைக்க வேண்டும். பிள்ளை தலையில் கிரீடம், கையில் வாள், பின்னால் சிங்கம், சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். இது இல்லாமல் முதல் வயது முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மனோகரனும் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவொற்றியூரில் பேனர் கடைக்குப் போனான். போனில் இருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, லெஃப்ட் கண்ணுல ஃப்ளாஷ் அடிச்சிகீது. வெள்ளையா தெரியுது பாரு. வேற போட்டோ குடு."

வேறு கொடுத்தான். அதிலும் இடது கண்ணின் கருமணி வெள்ளையாக மின்னியது. இன்னொன்று. அதிலும். போன் மட்டமான போன் என்று மனோகரன் முடிவு கட்டினான். பையன் என்ன செய்வது என்று யோசித்தபோது கோவிந்தம்மாதான் வழி சொன்னாள்.

"அந்த பக்கத்து கண்ணு நல்லாத்தான கீது? அத்த தூக்கி இங்க ஒட்டுடா."

பையன் வலது கண்ணைப் பிரதியெடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண்ணின் மேல் ஒட்டினான். நிமிஷத்தில் குணம். இவ்வளவு வேகமான கண் சிகிச்சை இன்றுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. மேஜையருகே நின்ற அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதை மனோகரன் கவனித்தான். கடையில் ஏ.சி. அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

பேனரில் நிதிஷ் இரண்டு வலது கண்களோடு சிங்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பேனருக்கு வெளியே இருந்த நிதிஷின் கண்ணில், விளக்கு வெளிச்சம் பட்டபோதெல்லாம் அந்த வெள்ளை மின்னிக்கொண்டிருந்தது. "பூன கண்ணு. அதிஸ்டம்" என்று கோவிந்தம்மா அறிவித்தாள். அதிர்ஷ்டத்துக்கு எதற்கு அம்மன் கோயில் கயிறு, மாதா கோயில் எண்ணெய், தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீர் எல்லாம் என்று கீர்த்தி கேட்டாள். "இருக்கட்டுமே" என்றாள் மாமியார். டாக்டரிடம் காட்டலாம் என்று கீர்த்தி சொன்ன ஒவ்வொரு முறையும் மாமியாருக்கு ஒரு காரணம் கிடைத்தது. இன்றைக்கு அமாவாசை. பிள்ளைக்குச் சளி. அவளுக்கே முதுகு வலி. மனோகரன் இருவருக்கும் நடுவில் நின்று, பெண்கள் விஷயத்தில் தலையிடாத பெருந்தன்மையைக் கடைப்பிடித்தான்.

மாதங்கள் போயின. இடது கண் மெல்ல மூக்குப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. இப்போது குப்பம் முழுவதும் வைத்தியர்களாக மாறியது. சங்கத்துத் தலைவர் ஒருவர், எல்லாம் ஆலைப் புகையால் என்றும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சாலை மறியல் செய்யலாம் என்றும் சொன்னார். புகையைத் திட்டுவதற்குக் குப்பத்துக்கு ஆயிரம் நியாயம் உண்டு, ஆனாலும் இந்தப் பாவத்தைப் புகை செய்யவில்லை. பெண்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. கீர்த்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்ததாகச் சிலர், வானத்தையே அண்ணாந்து பார்த்ததாகச் சிலர். தண்ணீர்க் குழாயடியில் கீர்த்தி வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். கோவிந்தம்மா அந்தப் பேச்சுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, பரிசோதனைக்குப் போன சுகாதார நிலையத்தில் நிதிஷ் திறந்திருந்த கதவில் போய் முட்டிக்கொண்டான். நர்ஸ் அவன் முகத்தைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு கீர்த்தியின் வயிற்றைக்கூடப் பார்க்காமல், "இன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. நாளைக்குன்னு சொல்லாத" என்றாள். அன்றைக்கு அமாவாசையாகவே இருந்திருந்தாலும் கீர்த்தி நின்றிருக்க மாட்டாள்.

பெரிய கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுப்னா பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து இரண்டு கண்ணையும் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. மனோகரனையும் கீர்த்தியையும் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். இடது கண்ணுக்குள் புற்றுக் கட்டி. விழித்திரையில் ஆரம்பித்து, கண்ணையே நிரப்பிவிட்டது. கண்ணை எடுத்தால்தான் உயிருக்குப் பயமில்லை. வலது கண் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது.

கீர்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மனோகரன்தான் கேட்டான். "எப்டி வந்துச்சி டாக்டரம்மா? கிரகணம்னு சொல்றாங்க..."

"கிரகணத்துக்கு வேற வேல இல்லியா?" என்றாள் லுப்னா. "ஹார்பர் கேட்ல கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், பாத்துகீறீங்கல்ல? கேட்ல ஒரு ஆள் நின்னு, உன் நேரம் வந்தாத்தான் உள்ள போவணும்னு நிறுத்தி வெப்பான். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி அதே மாதிரி ஒரு கேட் இருக்கு. ஆர்பின்னு ஒரு ஜீன். அது செய்யற புரோட்டீன்தான் கேட்ல நிக்கற ஆள். நேரம் வரவரைக்கும் பிரிய உடாது. அந்த ஜீன் எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு கேட்ட பாத்துக்கும். சில கொழந்தைங்க பொறக்கும்போதே ஒண்ணு கெட்டுப்போய்த்தான் வருது. மிச்சம் இருக்கறதும் கண்ணுக்குள்ள ஏதோ ஒரு செல்லுல கெட்டுச்சின்னா, கேட்ல ஆளே இல்ல. அந்த செல்லு ரெண்டாவும், நாலாவும், நிக்கவே நிக்காது."

லாரி வரிசை அவ்வளவு வேகமாக நகர்ந்து மனோகரன் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் புரிந்தது. புரியாத இடம் ஒன்றுதான். ஆர்பி என்பது அந்தக் கட்டியின் பெயரிலிருந்து எடுத்த சுருக்கமாம். கட்டி வராமல் காக்கிற ஜீனுக்குக் கட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். காவல்காரனைத் திருடன் என்று கூப்பிடுவது போல. அந்த ஆள் வேலைக்கு வந்த நாளெல்லாம் யாரும் அவனைக் கவனிக்கவில்லை, வராத அன்றைக்குத்தான் இருப்பதே தெரிந்தது. குழாயில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் முதல் எல்லோருக்கும் நம் ஊரில் இதே கதிதான், விஞ்ஞானிகள் மட்டும் வேறு மாதிரி இருப்பார்களா?

"இப்ப ஒண்ணு கேக்கறேன், யோசிச்சி சொல்லுங்க" என்றாள் லுப்னா. "உங்க ரெண்டு குடும்பத்துலயும் சின்ன வயசுல யாருக்காவது கண்ணு போயிருக்கா?"

"யாருக்கும் இல்ல" என்றான் மனோகரன், செயற்கைக் கண் அறையின் விளக்கில் பளபளக்க.

லுப்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு?"

"இது மீனு டாக்டரம்மா" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தபின் அவனால் நிறுத்த முடிந்ததில்லை. பதினாறு வயசு. புயல். விளக்கு. கருப்புத் தண்ணீரிலிருந்து ஆள் நீள முரல். மூக்கு கண்ணுக்குள், வால் கையில். பிள்ளையின் கண்ணை எடுக்க வேண்டும் என்று கேட்ட அறையிலேயே உட்கார்ந்து அவன் கதையை முழுசாகச் சொன்னான். அலை வந்த இடத்தில் கையைக்கூட உயர்த்திக் காட்டினான். கீர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லுப்னா குறுக்கே பேசவில்லை. முடித்தபின் எழுந்து வந்து, செயற்கைக் கண்ணைக் கழற்றச் சொல்லி, விளக்கடித்து உள்ளே பார்த்தாள். இமையைப் புரட்டினாள், எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மீன் குத்தினா இமையில, சுத்துல எங்கியாவது தழும்பு இருக்கும். ஒண்ணும் இல்ல. அது போகட்டும். இந்த எலும்புக் குழி அந்தப் பக்கத்த விட சின்னது. ரெண்டு மூணு வயசுல கண்ண எடுத்துட்டா குழி சரியா வளராது. பதினாறு வயசுல போன கண்ணு இப்படி இருக்காது."

மனோகரன் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தான். பதினாறு பொய் என்று அவனுக்குத் தெரியும், அதை அவன்தான் சேர்த்தான். ஏழும் அவன் சேர்த்ததுதான். ஆனால் மீன்? மீன் அவனுடையதில்லை, அம்மா கொடுத்தது. அதன் ஈரம் கன்னத்தில் பட்டதுகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது.

வராந்தாவில் நிதிஷை மடியில் போட்டுக்கொண்டிருந்த கோவிந்தம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். "முரலு குத்திச்சி" என்றாள், வழக்கமான இரண்டு வார்த்தை.

லுப்னா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அம்மா, நான் போலீஸ் இல்ல. மீன் குத்தினதா இருந்தா, உங்க மருமக வயித்துல இருக்கற குழந்தைய பத்தி எனக்குப் பெரிய கவல இல்ல. ரத்தப் பரிசோதன வரவரைக்கும் நிதானமா பாக்கலாம். இதே கட்டின்னால உங்க புள்ள கண்ண எடுத்திருந்தா, அந்தக் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு. பொறந்த அன்னிக்கே நான் ரெண்டு கண்ணையும் பாக்கணும். சின்னதா இருக்கும்போது பாத்தா கண்ணக் காப்பாத்திடலாம். நீங்க சொல்றத வெச்சித்தான் நான் இன்னிக்கி முடிவு பண்ணணும். மீனா, கட்டியா?"

கோவிந்தம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். காசிமேட்டு ஏலத்தில் ஆண்களை அலறவைக்கிற அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மீனு இல்ல."

கீர்த்தி மாமியார் பக்கம் திரும்பினாள்.

"எந்த மீனும் இல்ல டாக்டரம்மா. இவனுக்கு அப்ப ரெண்டு வயசு. இதே மாரிதான், மண்ணெண்ண வெளக்குல கண்ணு வெள்ளையா மின்னிச்சி. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு வந்தோம். உள்ள கேன்சர் கட்டி, கண்ண எடுத்தாதான் புள்ள பொயப்பான்னு சொன்னாங்க. எடுத்தாங்க. இவுங்கப்பாதான் குப்பத்துல எறங்கனதும் முரலு குத்திச்சின்னு சொல்லிட்டாரு. கேன்சர்னு சொன்னா எவன் படகுல ஏத்துவான்? எவன் பொண்ணு குடுப்பான்? மீனு குத்தினா மருவாதி. நோவு வந்துச்சின்னா..." அவள் முடிக்கவில்லை.

கீர்த்தி மெதுவாகத்தான் கேட்டாள். "அத்த, பேனர் கடைல போட்டோவ பாக்க சொல்லவே உனுக்கு தெரியுமா?"

"அதுக்கு மின்னாடியே தெரியும்மா. ஒரு தபா பாத்தவ அத மறப்பாளா?"

"அப்பறம் இன்னாத்துக்கு என்ன போவ உடல?"

"இங்க வந்தா எடுத்துடுவாங்க. இவனுக்கு எடுத்தாங்களே. கொஞ்ச நாளு புள்ள ரெண்டு கண்ணோட இருக்கட்டும்னு..."

"குப்பமே என்ன கிரகணம் கிரகணம்னு பேசிச்சி. நீ பக்கத்துல குந்திகினு கேட்டுகினு இருந்த" என்றாள் கீர்த்தி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோவிந்தம்மாவுக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். மனோகரன் அழுதான். கண் இல்லாத பக்கத்திலும் தண்ணீர் வந்தது. அம்மா மேல் கோபப்படத்தான் நினைத்தான். ஆனால் அந்தக் கடையில் அவனும்தான் நின்றிருந்தான், மட்டமான போன் என்று தீர்ப்புச் சொன்னவன் அவன்தான். அதைவிட வெட்கமாக, இந்த நேரத்திலும் அவன் மனசின் ஒரு மூலை அந்த மீனுக்காக அழுதது.

நிதிஷின் கண்ணை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் பிள்ளை கண் மேல் போட்டிருந்த கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பிஸ்கட் கேட்டான்.

குப்பத்துக்குத் திரும்பியதும் மனோகரன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். அவன் வாழ்க்கையில் செய்த உண்மையான துணிச்சல் காரியம் இது ஒன்றுதான், ஆனால் இதற்குக் கைதட்ட ஆள் இல்லை. படகடியில் நின்று, மீனும் இல்லை, புயலும் இல்லை, தனக்கு இருந்ததுதான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது, கீர்த்தி மேல் ஒரு குற்றமும் இல்லை என்றான். வலை பிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு இப்படி ஆன ஏக்கத்தில் அவனுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்பது பொதுவான அபிப்பிராயம். குணசேகரன் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனான்.

"மாமு, ஆஸ்பத்திரில இன்னாவோ பேசி உன்ன கொயப்பி உட்டாங்க. நான் படகுல இருந்தவன். என் கண்ணால பாத்தேன்."

"எனுக்கு அப்ப ரெண்டு வயசு. நீ என்ன உட ரெண்டு வயசு சின்னவன். அப்ப நீ பொறக்கவே இல்லடா."

குணசேகரன் சற்று யோசித்தான். "அதனால இன்னா மாமு? பாத்தது பாத்ததுதான?"

மீனை நம்புவதற்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஜீனை நம்புவதற்கு ஆளுக்கொரு சாட்சி கேட்டார்கள். ஆனால் குழாயடியில் கிரகணப் பேச்சு நின்றது. அதை நிறுத்தியது மனோகரன் இல்லை. கோவிந்தம்மா ஒரு நாள் மீன் கூடையை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, "என் ரத்தம். என் புள்ள குடுத்தது. இனிமே கிரகணம்னு எவளாவது வாயத் தொறந்தா செவுள பேத்துடுவேன்" என்றாள். அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. கீர்த்தி அதைக் கேட்டாள், கேட்டும் மாமியாரோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்குப் போட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே, இன்னும் பெயர்கூட வைக்காத அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கோவிந்தம்மா கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனாள். மனோகரன் கூடவே போனான். இரண்டு ஜீனில் ஒன்று கெட்டு, ஒரே ஒரு காவல்காரனோடுதான் இவளும் வந்திருக்கிறாள் என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. வலது விழித்திரையின் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. லுப்னா லேசர் வைத்தாள், சில வாரம் விட்டு இன்னொரு முறை வைத்தாள். புள்ளி தழும்பாகச் சுருங்கியது. மாதா மாதம் இரண்டு பிள்ளைகளையும் கொண்டு வர வேண்டும் என்றாள். ஒரு மாதமும் தவறவில்லை. அமாவாசைகள் எல்லாம் காலண்டரிலேயே இருந்தன, யாரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. கோவிந்தம்மாவுக்கு முதுகு வலியும் வரவில்லை.

அப்படி ஒரு மாதம் பரிசோதனை முடிந்து, "பாப்பாவுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. பார்வைக்கு ஒரு கொறையும் வராது. நிதிஷோட அந்தக் கண்ணும் சுத்தமா இருக்கு" என்று லுப்னா சொன்னாள். கீர்த்தி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு மனோகரன் அவள் சிரித்துப் பார்த்தான். எழுந்து போக வேண்டிய கோவிந்தம்மா எழவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? இவன் கொயந்தையா இருக்க சொல்ல, இந்த லைட்டு வெக்கிற மிசினு இங்க இருந்துச்சா?"

"இல்லம்மா. அப்ப இங்க கண்ண எடுக்கறதுதான் வழி. நீங்க செஞ்சது சரி. அதனாலதான் உங்க புள்ள இன்னிக்கி உயிரோட நிக்கிறாரு."

கோவிந்தம்மா தலையாட்டினாள். பேத்தியின் போர்வையைச் சரிசெய்தாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று மனோகரனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் இருக்க வேண்டுமே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"நிதிஷுக்கு?"

லுப்னா நிதிஷைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம், அந்த அறையில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"இருந்துச்சிம்மா. பேனர் வெச்ச சமயத்துல வந்திருந்தா கண்ணக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

கோவிந்தம்மா பேத்தியைக் கீர்த்தியின் கையில் கொடுத்தாள். நிதிஷைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாள். கீர்த்தி சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் அவள் பின்னால் நின்றாள்.